ஒரே வயல் மண்.. ரெண்டு லேப்ல ரெண்டு ரிசல்ட்! மண் பரிசோதனைக்காக நாடுகள் கைகோர்ப்பது ஏன்? முழு விளக்கம்

ஒரு வயலில் சேகரித்த மண்ணை நன்றாகக் கலந்து, சரிபாதியாகப் பிரித்து இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லேப், ‘மணிச்சத்து குறைவு, டிஏபி போடுங்க’ என்கிறது. இன்னொரு லேப், ‘மணிச்சத்து போதுமான அளவு இருக்கு, இந்தப் போகத்துக்குக் குறைச்சுக்கலாம்’ என்கிறது.

யாரோ ஒருத்தர் தப்பு பண்ணியிருக்காங்க என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

50 கிலோ டிஏபி மூட்டை ஒன்றின் விலை 1,350 ரூபாய். போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த ஒரு எண். அந்த எண்ணை நம்ப முடியவில்லை என்றால், விவசாயி அட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, பக்கத்து வயல்காரர் என்ன போட்டாரோ அதையே போடுவார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் மாநிலங்களும் நாடுகளும் மண், இலை, தண்ணீர் பரிசோதனையில் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன. அதில் என்ன நடக்கிறது, நம்ம ஊர் விவசாயிக்கு அதனால் என்ன பயன்? விரிவாகப் பார்க்கலாம்.

மண் வள அட்டையில் என்ன இருக்கு?

மத்திய அரசின் மண் வள அட்டைத் திட்டத்தை 2015 பிப்ரவரி 19-ம் தேதி ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். அதன்பின் நாடு முழுவதும் 24 கோடிக்கும் அதிகமான அட்டைகள் தயாராகியிருக்கின்றன.

ஒவ்வொரு அட்டையிலும் 12 விவரங்கள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்று பேரூட்டங்கள், இரண்டாம் நிலை ஊட்டமான கந்தகம், அத்துடன் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்கள். இவற்றோடு மண்ணின் கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம் என்று இன்னும் மூன்று.

மாதிரி எடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று திட்டம் தொடங்கியபோது வகுத்தார்கள். அதாவது, அட்டையில் உங்கள் பெயர் இருந்தாலும், மண் உங்கள் வயலில் இருந்தே எடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அதே கட்டத்துக்குள் இருக்கும் பக்கத்து வயலாகவும் இருக்கலாம். இந்தக் குறையைப் பற்றிப் பலரும் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத இன்னொன்று, மாதிரி ஆய்வகத்துக்குள் போன பிறகு நடப்பது.

ஒரே மண்ணுக்கு ரெண்டு பதில் ஏன்?

முக்கியமாக மூன்று காரணங்கள்.

முதல் காரணம், ஊற்றும் கரைசல். மண்ணில் மணிச்சத்து நிறையவே இருக்கும். ஆனால் பயிரின் வேர் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கை மட்டும் பிரித்தெடுக்க, ஆய்வகத்தில் மண்ணோடு ஒரு கரைசலை ஊற்றிக் குலுக்குவார்கள். வேர் செய்யும் வேலையைக் கரைசலை வைத்து ஓரளவு கணிக்கும் முயற்சி இது. எந்தக் கரைசலை ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து வெளியே வரும் அளவும் மாறும்.

அமில மண்ணுக்கு 1945-ல் வந்த ‘பிரே’ முறை. சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மை உள்ள மண்ணுக்கு 1954-ல் வந்த ‘ஓல்சன்’ முறை. இதில் ஊற்றுவது சோடியம் பைகார்பனேட் கரைசல். பல சத்துகளை ஒரே கரைசலில் பிரித்தெடுப்பதற்காக 1984-ல் அமெரிக்காவில் வெளியானது ‘மெஹ்லிக்-3’ முறை.

பிரே கரைசல் அமிலத்தன்மை கொண்டது. அதைச் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றினால், மண்ணில் உள்ள சுண்ணாம்பே அந்த அமிலத்தைச் செயலிழக்க வைத்துவிடும். மணிச்சத்து இருந்தும் ரிசல்ட்டில் குறைவாகக் காட்டும். கேரளத்தில் பெரும்பாலான மண் அமிலத்தன்மை கொண்டது என்பதால் அங்கே பிரே முறை பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், கோவை வட்டாரத்தின் சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணுக்கு ஓல்சன் முறைதான் சரி. அதே தமிழ்நாட்டில், நீலகிரியின் அமில மண்ணுக்கு மறுபடியும் பிரே. ஆக, முறையின் பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது காரணம், அலகு. உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் மணிச்சத்து, ஆக்சைடு கணக்கு. டிஏபி மூட்டையில் 18-46 என்று இருப்பதில் 46 அதுதான். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. ஆனால் மண் ஆய்வு அறிக்கையில் பெரும்பாலும் வருவது, ஆக்சைடாக மாற்றாத வெறும் பாஸ்பரஸ் கணக்கு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற 2.29-ஆல் பெருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 20 கிலோ என்று ஒரு லேப் சொல்வதும், 46 கிலோ என்று இன்னொரு லேப் சொல்வதும் ஒரே அளவாக இருக்கலாம்!

இதோடு முடியவில்லை. சில இடங்களில் ‘பத்து லட்சத்தில் எத்தனை பங்கு’ என்ற கணக்கில் ரிசல்ட் வரும். அதை ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று மாற்ற வழக்கமாக 2.24-ஆல் பெருக்குவார்கள். பிறகு ஏக்கர் கணக்குக்குக் கொண்டுவர 2.47-ஆல் வகுக்க வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போனாலும் உரப் பரிந்துரை தலைகீழாகிவிடும்.

மூன்றாவது காரணம், ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்று பிரிக்கும் அட்டவணை. மண்ணில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 முதல் 560 கிலோ வரை இருந்தால் நடுத்தரம் என்பது இந்தியாவில் பரவலாகப் பயன்படும் அட்டவணை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அட்டவணையில் நடுத்தரம் என்பது 280 முதல் 450 வரைதான். அப்படியென்றால், 500 கிலோ தழைச்சத்து உள்ள வயல் ஒரு அட்டவணைப்படி நடுத்தரம், இன்னொன்றின்படி அதிகம். எண் ஒன்றுதான், ஆனால் பரிந்துரை வேறு.

இதனால் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் விவசாயியின் பாக்கெட்டுக்கு. தேவையில்லாத உரம் போட்டால் காசு வீண். தேவையான உரத்தை விட்டுவிட்டால் மகசூல் போச்சு.

அடுத்தது அரசுக்கு. 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மீதிச் செலவை மானியமாக மத்திய அரசு ஏற்கிறது. சர்வதேச விலை எகிறிய 2022-23-ம் ஆண்டில் மட்டும் உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு மலிவாக யூரியா கிடைக்கும்போது, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கூட ஒரு மூட்டை போடுவது சகஜம். தழை, மணி, சாம்பல் சத்துகளை 4:2:1 என்ற விகிதத்தில் போடுவது நாட்டளவில் பொருத்தமானது என்பது பழைய கணக்கு. நடைமுறையில் தழைச்சத்தின் பங்கு அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது.

மூன்றாவது நஷ்டம் குடிநீருக்கு. பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, மழையோடும் பாசன நீரோடும் நிலத்தடிக்கு இறங்குகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ம் ஆண்டு தர அறிக்கையின்படி, நாடு முழுவதும் சோதித்த மாதிரிகளில் சுமார் 20 சதவீதத்தில் நைட்ரேட் வரம்பு மீறியிருந்தது. தமிழ்நாட்டில் இது 37 சதவீதத்துக்கும் மேல். கழிவுநீர், மாட்டுக் கொட்டகைக் கழிவு போன்றவையும் இதற்குக் காரணம் என்றாலும் உரத்தின் பங்கு முக்கியமானது. நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனை எடுத்துச்செல்லும் திறனை அது குறைத்துவிடும்.

தண்ணீர் டெஸ்ட்டிலும் இதே குழப்பமா?

ஆமாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 50. அமெரிக்க வரம்போ 10. அமெரிக்கா நம்மைவிட நாலரை மடங்கு கறார் போல என்று தோன்றும். ஆனால், அமெரிக்கா நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிடுகிறது. இந்தியா முழு நைட்ரேட்டையும் கணக்கிடுகிறது. அந்த 10-ஐ நம் கணக்குக்கு மாற்றினால் சுமார் 44 வரும். கிட்டத்தட்ட ஒரே வரம்புதான், எழுதும் விதம்தான் வேறு.

பாசனத் தண்ணீருக்கும் பரிசோதனை அவசியம். கிணற்று நீரில் உப்பும் சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம் இருந்தால், என்ன உரம் போட்டாலும் மண் இறுகி, சத்து வேருக்குப் போய்ச் சேராது. அதே சமயம், கிணற்று நீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதுவும் பயிருக்குத் தழைச்சத்துதான். அதைக் கணக்கில் எடுத்தால் யூரியாவைக் குறைக்கலாம்.

இலைப் பரிசோதனை இன்னொரு பக்கம். மண்ணில் சத்து இருக்கிறதா என்பதை மண் பரிசோதனை சொல்லும். அதைப் பயிர் எடுத்துக்கொண்டதா என்பதை இலை சொல்லும். ஆனால் எந்த இலையை, எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதில் ஒழுங்கு வேண்டும். தென்னையில் 14-வது மட்டையிலிருந்து மாதிரி எடுப்பது பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். ஒருவர் 14-வது மட்டையிலும் இன்னொருவர் அடிமட்டையிலும் எடுத்தால், இரண்டு ரிசல்ட்டையும் ஒப்பிடவே முடியாது. மட்டையை எண்ணுவது போன்ற சின்ன விஷயத்தில்கூட எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, லேப் சரியாகத்தான் செய்யுதான்னு எப்படி செக் பண்றது?

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரே மண்ணைக் காயவைத்து, சலித்து, நன்றாகக் கலந்து, சிறு பொட்டலங்களாக்கிப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். எல்லாரும் சோதித்து ரிசல்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். மொத்த ரிசல்ட்டையும் வைத்து, யார் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று கணக்கிடுவார்கள். பொதுத்தேர்வில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பது மாதிரிதான். அதிகம் விலகிய ஆய்வகம், தராசா, ரசாயனமா, தண்ணீரா, கணக்கா, எங்கே கோளாறு என்று தேடிச் சரிசெய்யும்.

நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரிலிருந்து தாவர மாதிரிகளை இப்படிப் பல நாடுகளுக்கு அனுப்பும் திட்டம் 1956 முதல் நடக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வகங்களுக்கென்று ஒரு மண், தாவரப் பகுப்பாய்வு மன்றம் இருக்கிறது. பசிபிக் தீவு நாடுகளின் ஆய்வகங்களும் அதோடு இணைந்து செயல்படுகின்றன. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த வட அமெரிக்கத் திறன் சோதனைத் திட்டமும் உண்டு.

ஆசியாவில் இது எப்போ ஆரம்பிச்சது?

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2012-ல் உலக மண் கூட்டாண்மையை உருவாக்கியது. அதன்கீழ் 2017-ல் உலக மண் ஆய்வக வலைப்பின்னல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ‘குளோசோலான்’. அதே ஆண்டு ஆசியப் பகுதிக்கான வலைப்பின்னலான ‘சீல்நெட்’ இந்தோனேசியாவின் போகோர் நகரில் உருவானது. அதன் அடுத்த கூட்டம் 2018-ல் இந்தியாவில், இந்திய மண் அறிவியல் நிறுவனம் அமைந்துள்ள போபாலில் நடந்தது. பிறகு ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா என ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வலைப்பின்னல் வந்தது.

இவர்கள் முதலில் கையில் எடுத்தது அங்ககக் கரிமத்தை அளக்கும் ‘வாக்லி-பிளாக்’ முறை. 1934-ல் வந்த முறை இது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை என்பதால் வளரும் நாடுகளின் பெரும்பாலான ஆய்வகங்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் இதில் ஒரு சிக்கல். மண்ணில் உள்ள கரிமம் முழுவதும் இந்தச் சோதனையில் வினைபுரியாது. அதை ஈடுகட்டச் சில ஆய்வகங்கள் விடையைச் சுமார் 1.3-ஆல் பெருக்கும், சில பெருக்காது.

இதை நம்ம அட்டையோடு பொருத்திப் பார்ப்போம். அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். பெருக்காத ஆய்வகத்தில் 0.45 என்று வரும் மண், பெருக்கும் ஆய்வகத்தில் 0.59 ஆகிவிடும். ‘குறைவு’ நடுத்தரமாகிவிட்டது! பல ஆய்வகங்கள் தழைச்சத்தை நேரடியாக அளக்காமல் இந்தக் கரிம அளவை வைத்தே மதிப்பிடுகின்றன. அப்போது இந்த ஒரு பெருக்கல் யூரியா பரிந்துரை வரைக்கும் போய் நிற்கும்.

இதற்குத்தான் குளோசோலான், எவ்வளவு மண், எவ்வளவு அமிலம், எத்தனை நிமிடம், எப்படிக் கணக்கிடுவது, எப்படி அறிக்கை எழுதுவது என்று படிப்படியான பொது நெறிமுறையைத் தயாரித்தது. கரிமத்தில் தொடங்கி பிரே, ஓல்சன், மெஹ்லிக் என ஒவ்வொரு முறைக்கும் இப்படி நெறிமுறை வந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், ‘எல்லோரும் ஓல்சன்தான் செய்யணும்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘ஓல்சன் செய்தால் எல்லோரும் ஒரே மாதிரி செய்யணும்’ என்பதுதான் ஒப்பந்தம்.

ரிசல்ட்டில் ஒத்துப்போகலைன்னா என்ன ஆகும்? இலங்கை சொல்லும் பாடம்

2021 மே மாதம் இலங்கையில் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது. மண்ணுக்கு மண், பயிருக்குப் பயிர் தேவை என்ன என்று பார்க்காமல், நாடு முழுக்க ஒரே நாளில் எடுத்த முடிவு. நெல், தேயிலை உற்பத்தி அடிவாங்கியது. விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது.

இடைப்பட்ட காலத்தில் இன்னொரு விவகாரம் வெடித்தது. சீன நிறுவனம் ஒன்றிடம் இலங்கை இயற்கை உரம் வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. அனுப்பிய மாதிரியைச் சோதித்த இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆய்வகம், அதில் பயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய ‘எர்வினியா’ பாக்டீரியா இருப்பதாகச் சொன்னது. சீன நிறுவனம் அதை ஏற்கவில்லை. சோதித்த முறையே சரியில்லை என்றது. 20,000 டன் சரக்கோடு வந்த கப்பல் இறக்க வழியில்லாமல் கடலில் சுற்றியது. விவகாரம் நீதிமன்றம் போய், பணம் கொடுக்கத் தடை வந்தது. பதிலுக்கு, கொழும்பில் உள்ள சீனத் தூதரகம் இலங்கையின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில், இறக்காத உரத்துக்கு இலங்கை பல லட்சம் டாலர் கொடுத்தது. டாலர் இல்லாமல் நாடே தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

யார் சொன்னது சரி என்பது தனி விவாதம். ஆனால் இரு தரப்பும் ஏற்கும் ஒரு சோதனை முறையும், இரு தரப்பும் நம்பும் ஒரு மூன்றாவது ஆய்வகமும் ஒப்பந்தம் போடும்போதே முடிவாகியிருந்தால், ஒரு லேப் ரிப்போர்ட் இரு நாட்டுப் பிரச்சினையாக வளர்ந்திருக்காது. உரத்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கென்றே ஒரு சர்வதேச வலைப்பின்னலை ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2020-ல் தொடங்கியது. அதன் தேவை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஒரே முறையைக் கொண்டுவந்தா பிரச்சினை தீர்ந்திடுமா?

இங்கேதான் அமெரிக்கத் தென் மாநிலங்களின் அனுபவம் உதவும். அங்கே மாநிலப் பல்கலைக்கழகங்களும் வேளாண் துறைகளும் நடத்தும் ஆய்வகங்கள், மண், தாவரம், தண்ணீர் பரிசோதனைக்காக ஒரு கூட்டுக் குழுவை நடத்துகின்றன. 2014-ல் தங்கள் வட்டாரத்தின் மண் சோதனை முறைகளையெல்லாம் தொகுத்து ஒரு கையேடும் வெளியிட்டன.

அந்தக் கையேட்டுக் காலத்திலும் எல்லா மாநிலமும் ஒரே முறைக்கு வந்துவிடவில்லை. வடக்கு கரோலினா மெஹ்லிக்-3 பயன்படுத்தியது. எல்லையை ஒட்டிய தெற்கு கரோலினா, ஜார்ஜியா எல்லாம் பழைய மெஹ்லிக்-1. மிசிசிப்பி மாநிலம் தனக்கென்று ஒரு முறையை வைத்திருந்தது.

ஏன் மாறவில்லை? பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. ஒரு எண்ணுக்குப் பின்னால் பல ஆண்டு வயல்வெளிச் சோதனை இருக்கிறது. ‘இந்த முறையில் இவ்வளவு வந்தால், இந்த மண்ணில் இந்தப் பயிருக்கு இவ்வளவு உரம்’ என்ற கணக்கு அப்படித்தான் உருவானது. கரைசலை மாற்றினால் அந்தக் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும். பழைய ரிசல்ட்டுகளோடு புதியதை ஒப்பிடவும் முடியாமல் போகும். ஆகவே அவர்கள் தேர்ந்தெடுத்த வழி, சோதிக்கும் விதத்தை எழுதிவைத்து எல்லோரும் கடைப்பிடிப்பது, ஒருவர் ரிசல்ட்டை மற்றவர் சரிபார்ப்பது, உரப் பரிந்துரையை மட்டும் அந்தந்த மண்ணுக்கே விட்டுவிடுவது.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியாவுக்கு இது புதிது இல்லை. 1955-56-ல் அமெரிக்காவுடன் போட்ட ஒப்பந்தத்தின்கீழ் 16 மண் பரிசோதனை ஆய்வகங்களோடுதான் இங்கே இந்தப் பணி தொடங்கியது. நாடுகளின் கூட்டுறவில் பிறந்த திட்டம் என்றே சொல்லலாம்.

அடுத்த பெரிய படி 1967-ல். ராமமூர்த்தி என்ற மண் அறிவியலாளரும் அவருடைய சகாக்களும், ‘எவ்வளவு மகசூல் வேண்டும் என்று முதலில் முடிவு செய், மண்ணில் இருப்பதைக் கழித்துக்கொண்டு மீதியை உரமாகப் போடு’ என்ற மகசூல் இலக்கு முறையைக் கோதுமையில் செய்துகாட்டினார்கள். அதையொட்டி நாடு முழுவதும் ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் வந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் முக்கிய மையங்களில் ஒன்று. நெல், கரும்பு, மஞ்சள் எனப் பல பயிர்களுக்கு, மண் வகை வாரியாக உரக் கணக்குச் சூத்திரங்களைத் தமிழ்நாடு வைத்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்புதான். இப்போது ‘தமிழ் மண்வளம்’ என்ற இணைய முகப்பு வழியாக விவசாயிகள் தங்கள் பகுதியின் மண் விவரத்தைப் பார்க்க முடிகிறது.

ஆனால் கடந்த பத்தாண்டில் இலக்கு, அட்டையின் எண்ணிக்கையாக மாறிப்போனது. நிலையான ஆய்வகங்கள், நடமாடும் ஆய்வகங்கள், கிராம அளவிலான சிறு ஆய்வகங்கள், கையடக்கச் சோதனைப் பெட்டிகள் என்று ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. விவசாயி அலைய வேண்டியதில்லை என்ற வகையில் இது நல்லதே. ஆனால், பெரிய ஆய்வகமும் சின்னப் பெட்டியும் ஒரே மண்ணுக்கு ஒரே பதிலைத் தருகின்றனவா என்று தொடர்ந்து சரிபார்க்கும் ஏற்பாடு அதே வேகத்தில் வளர வேண்டும். ஐஎஸ்ஓ 17025 தர அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்றால் இப்படியான சரிபார்ப்புச் சோதனைகளில் கலந்துகொண்டே ஆக வேண்டும். மற்ற ஆய்வகங்களையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் அடுத்த வேலை.

தடை என்ன?

முதல் தடை, மண்ணே! மண்ணோடு சேர்ந்து பூச்சி, நூற்புழு, நோய்க்கிருமி எல்லாம் எல்லை தாண்டும் என்பதால் மண் இறக்குமதிக்குப் பெரும்பாலான நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவின் 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும் அப்படித்தான். ஒப்பீட்டுச் சோதனைக்காக ஒரு பொட்டலம் மண் வருவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

இரண்டாவது அரசியல். தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்புக்கு டாக்காவில் ஒரு வேளாண்மை மையம் இருக்கிறது. ஆனால் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்களின் உச்சி மாநாடே நடக்கவில்லை. தலைவர்கள் பேசிக்கொள்ளாத நிலையில், நாடுகளின் ஆய்வகங்கள் பேசிக்கொள்ள ஐ.நா. வலைப்பின்னல் ஒரு மாற்று வழியாக இருக்கிறது.

மூன்றாவது ஆளும் பணமும். பழுதான கருவிக்கு உதிரி பாகம், தரமான ரசாயனம், பயிற்சி பெற்ற நிரந்தரப் பணியாளர். இவை இல்லாத ஆய்வகத்துக்கு எவ்வளவு நல்ல நெறிமுறைப் புத்தகம் கொடுத்தாலும் அது அலமாரியில்தான் இருக்கும்.

சரி, விவசாயி இப்போ என்ன செய்யலாம்?

சர்வதேச ஏற்பாடுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலான தவறு மண் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. அதைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

* அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரமோ எருவோ போடுவதற்கு முன்பு மாதிரி எடுங்கள்.

* வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், கிணற்றோரம், வாய்க்கால் பக்கம் வேண்டாம்.

* வயலில் 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவத்தில் குழி வெட்டுங்கள். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். நெல், சிறுதானியத்துக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். தென்னை, பழ மரங்களுக்கு இன்னும் ஆழமாக, அடுக்கு அடுக்காகத் தனித்தனியே எடுக்க வேண்டும்.

* எல்லா மண்ணையும் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச் சாக்கைப் பயன்படுத்தவே கூடாது.

* பாசனக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கழுவிய சுத்தமான பாட்டிலில் பிடித்து, தாமதிக்காமல் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

* ஒவ்வொரு முறையும் முடிந்தவரை அதே ஆய்வகத்திலேயே, அதே பருவத்தில் சோதியுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரிசல்ட் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மணிச்சத்தை எந்த முறையில் பார்த்தீங்க? இந்த எண் ஹெக்டேருக்கா, ஏக்கருக்கா? தழைச்சத்தை நேரடியாக அளந்தீங்களா, கரிமத்தை வைத்துக் கணக்குப் போட்டீங்களா? விவசாயி இப்படிக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டிய கட்டாயம் ஆய்வகத்துக்கும் வரும்.

போபாலிலும் போகோரிலும் விஞ்ஞானிகள் கூடிப் பேசுவது, எவ்வளவு நிமிடம் குலுக்குவது, எத்தனையால் பெருக்குவது போன்ற விஷயங்கள்தான். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் தஞ்சாவூரிலோ அனுராதபுரத்திலோ ஒரு நெல் விவசாயி அடுத்த போகத்துக்கு எத்தனை மூட்டை வாங்கணும், அதற்கு எவ்வளவு கடன் வாங்கணும் என்பது கடைசியில் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரே மண்ணுக்கு எங்கே சோதித்தாலும் ஒரே பதில் வர வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயமானதுதான்.